கிண்டியில் இரண்டு நாள் ‘பங்கேற்புக் குழு’ பயிற்சி: போய் வந்த ஒரு தொழிலாளியின் விமர்சனம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகனங்களுக்கு ஒயர் ஹார்னஸ், அதாவது மின் ஒயர்களைக் கட்டிச் சேர்த்த தொகுப்பு, செய்யும் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். ஒயர் முனையில் டெர்மினலை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் மெஷினில் ஆரம்பித்தவள், இப்போது லைன் இன்ஸ்பெக்டர். மொத்தம் 180 பேர், அதில் முக்கால்வாசி பெண்கள். யூனியன் கிடையாது. போன டிசம்பரில், நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச என்று, நிர்வாகம் ‘பங்கேற்புக் குழு’ ஒன்றை ஆரம்பித்தது. தொழிலாளர் பக்கம் ஐந்து பேர், அதில் நான் ஒருத்தி. பொங்கல் லீவு முடிந்ததும் என்னையும் டெஸ்டிங்கில் இருக்கும் தம்பி ஒருவனையும் எங்கள் ஹெச்ஆர் சாரோடு கிண்டியில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 6,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கம்பெனிதான் கட்டியது.

நடத்தியவர்களின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி பாடத்தைச் சென்னையில் பல பேர் நடத்துகிறார்கள். உங்கள் கம்பெனி உங்களை எங்கே அனுப்பினாலும் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

போவதற்கு முன்பே என் மனசில் ஒரு பாரம் இருந்தது. டிசம்பரில் குழுவின் முதல் கூட்டம் நடந்தது. டீ, பிஸ்கட், அறிமுகம். கடைசியில் ஒரு தாளில் வரிசையாகக் கையெழுத்து வாங்கினார்கள். வருகைப் பதிவு என்றுதான் நினைத்துப் போட்டேன். எட்டு நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் ஒரு தாள்: காலை ஷிஃப்ட் இனி 8 மணிக்குப் பதில் 7.30 மணிக்கு, ‘பங்கேற்புக் குழுவின் சம்மதத்துடன்’. திருநின்றவூர், திருவள்ளூர் பக்கமிருந்து ரயிலில் வரும் பிள்ளைகள் நிறையப் பேர் எங்களிடம் உண்டு. குழந்தையை ஸ்கூலில் விட்டுவிட்டு ஓடி வருகிறவர்களும் உண்டு. ஒயர்களுக்கு டேப் சுற்றும் டேப்பிங் போர்டில் நிற்கும் ஒரு பெண் மதிய சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்டாள்: “அக்கா, நீங்களா கையெழுத்துப் போட்டீங்க?” அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்குமா என்று பார்க்கத்தான் கிண்டிக்குப் போனேன்.

இடம் வசதி. கொரட்டூரில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மாறினால் கிண்டி. அங்கிருந்து பத்து நிமிட நடை. ஏசி ஹால், காபி நன்றாக இருந்தது, மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும். ஏழு கம்பெனிகளிலிருந்து 22 பேர் வந்திருந்தார்கள். அதில் தொழிலாளர்கள் ஆறே பேர், மற்றவர்கள் எல்லாம் ஹெச்ஆர், புரொடக்‌ஷன் ஆட்கள். எங்களை எங்கள் ஆபீசர்களோடு ஒரே மேஜையில் உட்கார வைத்தது சரியில்லை. பக்கத்தில் சார் உட்கார்ந்திருக்கும்போது “உங்கள் இடத்தில் என்ன குறை?” என்று கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? ஒரகடத்திலிருந்து வந்த ஒரு அண்ணன் முதல் நாள் முழுக்கத் தலையை மட்டும்தான் ஆட்டினார். டீ இடைவேளையில் வெளியே நிற்கும்போதுதான் அவருக்கு எவ்வளவு விஷயம் தெரியும் என்பதே தெரிந்தது.

முதல் நாள் பாடத்தை மனசாரப் பாராட்டுகிறேன். வேலையில் வரும் பிரச்சனையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, மீன் முள் மாதிரி படம் போட்டுக் காரணங்களை எப்படி எழுதுவது, ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு எப்படி அடிவரைக்கும் போவது, எல்லாம் கையால் செய்ய வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் லைனில் ஒரு கனெக்டரில் ஊசி மாதிரி இருக்கும் ‘பின்’ வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தது. ஆபரேட்டர் அவசரப்பட்டுச் செருகுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் எழுதிவைத்தோம். அங்கே போட்ட அதே படத்தைத் திரும்பி வந்து லைன் பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டேன். நாலாவது ‘ஏன்’ கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. ஒயரைத் தொங்கவிடும் ஸ்டாண்டு உயரமாக இருந்ததால் டெர்மினல் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டை ஒரு சாண் இறக்கினோம். இப்போது அந்த ரிஜெக்‌ஷன் அநேகமாக இல்லை. அந்த ஆபரேட்டர் மேல் இருந்த பழியும் போனது. இதற்காக மட்டுமே 6,500 ரூபாய் கொடுக்கலாம்.

இரண்டாம் நாள் காலை ‘சட்டம்’ என்று ஒரு பாடம். என் குறை எல்லாம் இதில்தான். பயிற்சியாளர் நல்ல பேச்சாளர், அமெரிக்கக் கம்பெனிகளின் ஹெச்ஆரில் இருந்தவர். திரையில் சிவப்புக் கட்டம் போட்டு ஒரு பட்டியல் காட்டினார். சம்பளம், போனஸ், வேலை நேரம், லீவு, வேலை செய்யும் இடத்தின் நிலைமை. இதில் எதையும் குழுவில் பேசக்கூடாது, பேசினால் சட்டப்படித் தப்பு என்றார். ‘கமிட்டி’ என்ற வார்த்தையே வேண்டாம், ‘டீம்’ என்று சொல்லுங்கள் என்றார். தொழிலாளர்கள் தங்களுக்குள் சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதும் நல்லதில்லை என்று ஒரு வார்த்தை சேர்த்தார். நான் கை தூக்கி ஷிஃப்ட் நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் சார் பக்கத்தில்தான் இருந்தார், இருந்தாலும் கேட்டேன். “குழு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் முடிந்தது, எல்லாருக்கும் பொருந்தும்” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், தொழிலாளர் துறையில் வேலை பார்த்து ரிடையர் ஆன ஒரு பெரியவரைப் பேச அழைத்திருந்தார்கள். கதர்ச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. அதில் தமிழில் டைப் அடித்து ஜெராக்ஸ் எடுத்த இரண்டு தாள். எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தார். இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காலையில் காட்டிய சிவப்புக் கட்டம் எங்கே இருந்து வந்தது என்பதைத்தான் அவர் முதலில் சொன்னார். அது அமெரிக்காவுக்கு உரியது. அங்கே 1914-இல் கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூடு நடந்தது, குடும்பங்கள் தங்கியிருந்த கூடாரங்கள் எரிந்தன, பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். அடுத்த வருடம் அந்தச் சுரங்கத்தின் முதலாளிகளான ராக்பெல்லர் குடும்பம் ஒரு வழி கண்டுபிடித்தது. யூனியனோடு பேசமாட்டோம், கம்பெனியே ஒரு பிரதிநிதிக் குழு வைத்துத் தரும், அதில் பேசுங்கள் என்றது. இதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் தங்களுக்கென்று ‘கம்பெனி யூனியன்’ வைத்துக்கொண்டன. 1935-இல் செனட்டர் வாக்னர் கொண்டுவந்த சட்டம் அதற்குத் தடை போட்டது. சம்பளம், வேலை நேரம், வேலை நிலைமை, குறைகள் ஆகியவற்றைப் பற்றி முதலாளியோடு பேசுவதற்கான எந்தத் தொழிலாளர் அமைப்பையும் முதலாளியே ஆட்டிவைக்கக் கூடாது, பணம் கொடுத்துத் தாங்கவும் கூடாது என்பது அதன் 8(ஏ)(2) பிரிவு.

அப்புறம் அவர் சொன்ன வழக்கைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்ற ஊரில் எலக்ட்ரோமேஷன் என்று ஒரு கம்பெனி. வாகனங்களுக்குச் சின்னச் சின்ன மின்சார உதிரிப் பாகங்கள் செய்வது. சுமார் 200 பேர், பெரும்பாலும் பெண்கள். யூனியன் கிடையாது. அப்படியே எங்கள் கம்பெனி மாதிரி! 1988 முடியும்போது அட்டெண்டன்ஸ் போனஸைக் குறைத்து, சம்பள உயர்வுக்குப் பதில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். 68 பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நிர்வாகம் உடனே ஐந்து குழுக்களை வைத்தது. லீவு போடுவது, புகைபிடிக்கத் தடை, தகவல் தொடர்பு, சம்பளப் படிநிலை, அட்டெண்டன்ஸ் போனஸ் என்று தலைப்புகளையும் நிர்வாகமே போட்டது. குழுவில் எத்தனை பேர் என்பதும் நிர்வாகத்தின் முடிவுதான். பிப்ரவரி 1989-இல் டீம்ஸ்டர்ஸ் யூனியன் தன்னை அங்கீகரிக்கச் சொல்லி வந்தது. வழக்குப் போய், 1992 டிசம்பரில் அங்குள்ள தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் இந்தக் குழுக்கள் சட்ட விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. 1994-இல் மேல் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சட்டத்தைத் தளர்த்த அங்கே நாடாளுமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது, அதை 1996-இல் கிளின்டன் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார்.

“இதில் தப்பு செய்தது யார்?” என்று பெரியவர் கேட்டார். யாரும் பேசவில்லை. ஒரகடம் அண்ணன்தான் முதல் முறையாக வாயைத் திறந்து, “கம்பெனி” என்றார். அதுதான் சரி. பேசிய தொழிலாளி மேல் அந்தச் சட்டத்தில் குற்றமே இல்லை. தொழிலாளர்களுக்காகப் பேசும் வாயை முதலாளியே செய்து வைக்கக் கூடாது என்பதுதான் தடை. அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு, தொழிலாளர்கள் சேர்ந்து தங்கள் சம்பளம், நிலைமை பற்றிப் பேசுவதை உரிமை என்றே சொல்கிறது. முதலாளியைக் கட்டிப்போட எழுதிய சட்டத்தை எடுத்துவந்து, காலையில் எங்கள் வாயைக் கட்டிவிட்டார்கள். இதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

நம் ஊர்ச் சட்டம் வேறு மாதிரி. அமெரிக்காவில் முதலாளி வைக்கக்கூடாது என்கிற குழுவை இங்கே முதலாளி வைக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்திலேயே, 100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் அரசு உத்தரவிட்டால் ஒர்க்ஸ் கமிட்டி, அதாவது நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்த குழு, அமைக்க வேண்டும் என்று இருந்தது. தொழிலாளர் பக்கத்து எண்ணிக்கை நிர்வாகத்தின் பக்கத்தைவிடக் குறையக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே இருக்கிறது. அதோடு 20 பேர் இருந்தாலே குறைதீர்க்கும் குழு கட்டாயம். இரண்டு பக்கமும் சம எண்ணிக்கை, அதிகபட்சம் பத்துப் பேர், தலைவர் பதவி வருடத்துக்கு ஒரு பக்கம் மாறி மாறி வரவேண்டும். தொழிலாளர்களில் பெண்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ அதற்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் இருக்கவேண்டும். எங்கள் குழுவில் தொழிலாளர் பக்கம் ஐந்தில் பெண்கள் இரண்டே பேர். பயிற்சியில் கொடுத்த கையேட்டில் இது எதுவும் இல்லை. பளபளப்பான அட்டை போட்ட 140 பக்கம், அதில் நம் நாட்டுச் சட்டத்துக்கு ஒன்றரைப் பக்கம், அதுவும் பழைய பிரிவு எண்களோடு.

சரி, என்ன பேசலாம்? 1959-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒர்க்ஸ் கமிட்டிக்கு ஒரு மாதிரிப் பட்டியல் கொடுத்ததாம். காற்றோட்டம், வெளிச்சம், சூடு, சுகாதாரம் என்று தொடங்குகிறது. குடிதண்ணீர், கேன்டீன், ஓய்வறை, மருத்துவ வசதி, பாதுகாப்பு, பண்டிகை லீவை மாற்றிக்கொள்வது எல்லாம் உண்டு. சம்பளம், போனஸ், வேலைப் பளு, ஆட்குறைப்பு ஆகியவை கமிட்டிக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பட்டியலும் உண்டு. பேசவே கூடாத விஷயம் என்று அவற்றை ஒதுக்கவில்லை. அவை யூனியன் பேசி முடிக்கவேண்டிய விஷயங்கள், கமிட்டியை வைத்துக் குறுக்கு வழியில் முடித்துவிடக் கூடாது என்றுதான் ஒதுக்கினார்கள் என்று பெரியவர் விளக்கினார். காலையில் ‘வேலை செய்யும் இடத்தின் நிலைமை’ என்று சிவப்புக் கட்டத்துக்குள் போட்டதுதான் நம் பட்டியலில் முதல் வரி!

இடைவேளையில் அவரிடம் போய் என் விஷயத்தைச் சொன்னேன். “உங்களை யாரம்மா தேர்ந்தெடுத்தது?” என்று கேட்டார். நிர்வாகம் பெயர் எழுதியது என்றேன். “அப்போ நீங்க யாருக்காகக் கையெழுத்துப் போட முடியும்?” என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை, என் மகளுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரிதான் கேட்டார். பிறகு 1960-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நார்த் புரூக் சணல் ஆலை வழக்கைச் சொன்னார். வங்காளத்தில் ஆலை நிர்வாகம் வேலைமுறையை மாற்ற ஒரு திட்டம் போட்டது, ஒர்க்ஸ் கமிட்டி சரி என்றது, தொழிலாளர்கள் மறுத்தார்கள். கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் கமிட்டியின் வேலைக்கு மட்டும்தான் பிரதிநிதிகள், அவர்களுடைய சம்மதம் தொழிலாளர்களின் சம்மதம் ஆகாது, கமிட்டி யூனியனின் இடத்துக்கு வர முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலை நேரம், ஓய்வு இடைவேளை மாதிரி விஷயங்களை மாற்றுவதற்கு, சட்டத்தில் சொன்ன சில விலக்குகள் தவிர, 21 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்பதும் பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டிலும் இருக்கிறதாம்.

அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பும்போது அப்பாவை நினைத்துக்கொண்டேன். பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர், 1996-இல் மில் மூடும் வரைக்கும். 1918 ஏப்ரல் 27-இல் அந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான் வாடியாவும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் மெட்ராஸ் லேபர் யூனியனை ஆரம்பித்தார்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். சங்கத்தின் மேல் மில் நிர்வாகம் கோர்ட்டுக்குப் போனது, அப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து காப்பாற்றத்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது என்பார். இந்தியாவிலேயே முதலில் முறையாகச் சங்கம் கட்டிய ஊரில் இருந்துகொண்டு, பேசலாமா கூடாதா என்று எங்கோ எழுதிய படத்தைப் பார்த்துப் பயந்து உட்கார்ந்திருந்தோம் என்பதுதான் மனசை அறுத்தது.

நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும் குழுவே வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. ஸ்டாண்டு உயரத்தைக் கண்டுபிடித்ததும் லைன் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பேசியதால்தான். ஆனால் அதில் உட்காருகிறவளுக்குத் தான் எதைப் பேசலாம், எதில் கையெழுத்துப் போட அதிகாரம் இல்லை என்று முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும். முதலாளி சங்கத்தை ஆட்டிவைப்பதும், தானே ஒரு சங்கத்தை வைத்துக் கொடுப்பதும் நம் சட்டத்திலும் நியாயமற்ற தொழில் நடவடிக்கைதான். பங்கேற்புக் குழு அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் இருப்பது முதலாளிக்கும் நல்லதுதானே? இதைச் சொல்லாத பயிற்சி பாதிப் பயிற்சி.

மதிப்பெண் கேட்டால் முதல் நாளுக்கு ஐந்துக்கு நாலரை, இரண்டாம் நாள் காலைக்கு ஒன்று, பெரியவரின் ஒன்றரை மணி நேரத்துக்கு ஐந்துக்கு ஐந்து. உங்கள் கம்பெனி இந்த மாதிரிப் பயிற்சிக்கு அனுப்பினால் போங்கள். போவதற்கு முன் நம் நாட்டுச் சட்டத்துக்கு எத்தனை மணி நேரம், யார் எடுக்கிறார்கள் என்று போன் போட்டுக் கேளுங்கள். தொழிலாளர்களை ஆபீசர்களிடமிருந்து தனியாக உட்கார வைக்கச் சொல்லுங்கள். கருத்துப் படிவத்தில் இதையெல்லாம் நான் எழுதிக் கொடுத்தேன், இதுவரை பதில் இல்லை.

பிப்ரவரி கூட்டத்தில் நான் மூன்று விஷயம் வைத்தேன். சூடு காட்டி ஒயர் மேல் உறையைச் சுருக்கும் ஹீட் ஷ்ரிங்க் மேஜை இருக்கும் மூலையில் ஏப்ரல், மே மாதம் நிற்கவே முடியாது, அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். பாத்ரூம் போக லைனில் ஒரு ரிலீவர் வேண்டும். தொழிலாளர் பக்கத்து ஆட்களை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். புரொடக்‌ஷன் சார் உடனே, “இது வேலை நிலைமை, இங்கே பேசக்கூடாதுன்னு பயிற்சியில சொன்னாங்களே” என்றார். நான் ஜெராக்ஸ் தாளை மேஜையில் வைத்தேன். எங்கள் ஹெச்ஆர் சாரும் அந்த மதியம் முழுக்கக் கேட்டவர்தான். அவரே எடுத்துப் படித்துவிட்டு, “பேசலாம்” என்றார். அவருக்கு என் நன்றி.

இரண்டு ஃபேன் மாட்டிவிட்டார்கள். ‘குழுவின் சம்மதத்துடன்’ என்ற வரி இல்லாமல் ஷிஃப்ட் நோட்டீஸைத் திரும்ப ஒட்டினார்கள், ஆனால் நேரம் 7.30 தான், அது மாறவில்லை. தேர்தல் ஏப்ரலில் என்று சொல்லியிருக்கிறார்கள். டேப்பிங் போர்டுப் பெண்ணை நிற்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யோசிக்கிறாள். ரிலீவர் விஷயம் இன்னும் முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முதல் பொருளாக அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.